அண்டை வீட்டுக் காய்ச்சல்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கு வருகிறவர் வழியில் இரண்டு முறை எல்லை தாண்டுகிறார். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி நெருங்கும்போது மறுபடி புதுச்சேரி. மதுக்கடைப் பலகையைப் பார்த்தே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். கொசு மருந்துக்கும் அதே கணக்குத்தான். அங்கே கோட்டக்குப்பம் நகராட்சி, இங்கே உழவர்கரை நகராட்சி. கொசு மட்டும் இரண்டுக்கும் பொது.

இப்படி எல்லைக்கோட்டின் மேலேயே குடியிருப்பதாலோ என்னவோ, பக்கத்து நாட்டுச் சங்கதி என்றால் எங்கள் டீக்கடைகளில் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே சென்ற வாரம் காதில் விழுந்த சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

“இலங்கை குட்டித் தீவு. அதனால்தான் மலேரியாவை ஒழிக்க முடிந்தது.”

2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்கு ‘மலேரியா அற்ற நாடு’ என்ற சான்றைக் கொடுத்தது உண்மை. ஆனால் தீவாக இருப்பதே மருந்து என்றால் அந்தத் தீவு 1934லும் தீவாகத்தானே இருந்தது? 1934-35 கொள்ளைநோயில் அங்கே ஏறக்குறைய 80,000 பேர் மலேரியாவில் செத்தார்கள். பிறகு டி.டி.டி. வந்தது. வீடுவீடாகத் தெளித்து, 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துத் தெளிப்பைக் குறைத்தார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். சுற்றிலும் கடல் அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது முயற்சி போருக்கு நடுவில் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் குண்டு விழுந்துகொண்டிருந்த 1999இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் மலேரியா. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த ஊர்களுக்கும் அரசின் மலேரியா மருந்து போனது, செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு. இரு தரப்பும் எதிலும் ஒத்துப்போகாத காலத்தில் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இடம்பெயர்ந்தோர் இருந்த பக்கங்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்கள் போய், காய்ச்சல் வரும்வரை காத்திராமல் இரத்தம் எடுத்துப் பார்த்தன. 2012 அக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி.

சான்றிதழ் கிடைத்த பிறகுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி தொடங்குகிறது. இப்போது அங்கே ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்தால் அது ஒரு சம்பவம். ஆளை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், அவர் எங்கே போய்வந்தார் என்று விசாரிக்கிறார்கள், வீட்டைச் சுற்றிக் கொசுப் புழு தேடுகிறார்கள். 2018 கடைசியில் மொனராகலை மாவட்டத்தில் ஒரு உள்ளூர்க்காரருக்கு மலேரியா வந்தது. துருவிப் பார்த்ததில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து கொசு வழியே தொற்றியது என்று தெரிந்தது. நல்லவேளை, அது பரவவில்லை. ஒரே ஒரு நோயாளிக்கு அத்தனை ஓட்டம். நம் பக்கத்தில் ஒருவருக்கு மலேரியா என்றால் பதிவேட்டில் இன்னொரு வரி.

அதற்கும் முன்னால், 2016 இறுதியில், மன்னார்த் தீவின் கிணறுகளில் அனாபிலிஸ் ஸ்டீபன்சை என்ற கொசுவின் புழுக்களைக் கண்டுபிடித்தார்கள். நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு அதுதான். இலங்கையில் அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கடல் எவ்வளவு அகலம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“ஜெனீவாவில் முடிவெடுப்பார்கள், நாம் கைகட்டிச் செய்ய வேண்டியதுதான்.”

இதைச் சொன்னவர் பி.எச்.டி. மாணவர். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

உலக சுகாதார அமைப்பு தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1971இல், கொழும்பில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கிவிட்டது. அதன் தலைவர் பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே. கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரில் கேள், உலகம் முழுவதும் டெண்டர் விடு, தேவையில்லாததை இறக்குமதி செய்யாதே: அவர் வழி இவ்வளவுதான். இரண்டாயிரத்துக்கும் மேலிருந்த இறக்குமதி மருந்து வகைகள் அறுநூறு அளவுக்குச் சுருங்கின. பன்னாட்டு நிறுவனங்கள் கொதித்தன. பிபிலே தன் அனுபவத்தை மற்ற ஏழை நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐ.நா. பணியில் கயானாவுக்குப் போன இடத்தில் 1977இல் இறந்தார். அதே ஆண்டுதான் ஜெனீவா பட்டியலும் வந்தது. யார் யாருக்குக் கைகட்டினார்கள்?

ஐந்தாண்டு கழித்து வங்கதேசம். 1982 ஜூனில் மருந்துச் சட்டம் கொண்டுவந்து, பயனில்லாதவை, கெடுதலானவை என்று சுமார் 1,700 மருந்துகளை நீக்கச் சொன்னார்கள். பின்னணியில் நின்றவர்களில் முக்கியமானவர், விடுதலைப் போரின்போது கள மருத்துவமனை நடத்திய டாக்டர் ஜஃபருல்லா சௌத்ரி. எதிர்ப்பு அமெரிக்கத் தூதரிடமிருந்தே வந்தது. சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் மூன்று மாதம் முன்பு ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி எர்ஷாத். அவரைப் பாராட்ட எனக்கு நா எழவில்லை. ஆனாலும், இறக்குமதியை நம்பியிருந்த அந்த நாடு இன்று தன் தேவைக்கான மருந்தில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது என்பதை மறைத்து எழுத முடியாது.

இந்த வழியின் நம்மூர்க் கிளைதான் 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்: பொதுப்பெயரில் மொத்தக் கொள்முதல், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. கேரளம், ராஜஸ்தான் எல்லாம் பிறகு அதைப் பார்த்துச் செய்தன. கோட்டக்குப்பத்துக்காரர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் கவுண்டருக்குப் பின்னால் கொழும்பும் கொஞ்சம் நிற்கிறது.

“தடுப்பூசி கொடுத்தது நாம். வாங்கிக்கொண்டது அவர்கள்.”

பாதி சரி. 2021 ஜனவரி 20 அன்று பூடானுக்கும் மாலத்தீவுக்கும் இந்தியாவின் இலவசக் கொரோனா தடுப்பூசி முதலில் போய் இறங்கியது. பூடான் உடனே பிரிக்கவில்லை. எல்லாருக்கும் போதுமான அளவு சேரட்டும் என்று காத்திருந்து, நல்ல நாள் பார்த்து (ஆம், ஜோசியம் பார்த்துத்தான்) மார்ச் 27இல் தொடங்கி, இரண்டே வாரத்தில் தகுதியுள்ள பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஊசி போட்டு முடித்தார்கள். மருந்து நம்முடையது, வேகம் அவர்களுடையது.

மீதிப் பாதியை நாம் பேசுவதில்லை. இங்கே இரண்டாம் அலை அடித்தபோது ஏற்றுமதி நின்றது. வங்கதேசம் மூன்று கோடி டோஸுக்குக் காசு பேசி ஒப்பந்தம் போட்டிருந்த நாடு. பாதி வழியில் நின்றது. அவர்களும் இலங்கையும் சீனாவின் சினோபார்ம் பக்கம் போனார்கள். அன்றைய மே மாதத்தை இங்கே கண்டவர்கள் ஏற்றுமதியை நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர்கள் சீனாவிடம் போனதை நன்றிகெட்டதனம் என்று சொல்வதுதான் அபத்தம்.

“இந்த நாடுகள் எல்லாம் ஒரே குழுவில்தானே இருக்கின்றன?”

இல்லை. உலக சுகாதார அமைப்பில் இலங்கையும் வங்கதேசமும் நேபாளமும் நம்மோடு டெல்லி மண்டல அலுவலகத்தின் கீழ். பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் கெய்ரோவில். சீனா மணிலாவில். அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். போலியோ பற்றி இரண்டும் பேசுவது வேறு வேறு அலுவலகத்தோடு.

கோரிமேடு பக்கம் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. நம் கடலோர கிராமங்களில் சவுக்குக் கன்றுக்கு ஊற்ற மணலில் வெட்டும் தண்ணீர்க் குழிகளில் மலேரியாக் கொசு வளர்வதை ஆராய்ந்தவர்கள் அவர்கள். டெங்குவைத் தடுக்கும் வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை வளர்த்துவிட்டதாக 2022இல் அறிவித்ததும் அவர்களே. அதே வகைக் கொசுவை கொழும்பில் 2020லேயே தெருவில் பறக்கவிட்டுவிட்டார்கள்.

டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போனேன். ஸ்டீபன்சைக்குக் கிணற்றை விட்டால் பிடித்த இடம் மாடித் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தொட்டியின் மூடி போன புயலில் பாதி உடைந்தது. அன்றிலிருந்து மேலே ஒரு தகரமும் செங்கல்லும்தான். தகரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இப்போது பழைய வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறேன்.