சிரிக்க மறுத்த அவை: 'மான்சியர் வெர்டூ' பெற்ற வரவேற்பு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று என்றார். எள்ளப்படுவோர் பிறராக இருக்கும்வரை அவை சிரிக்கும். எள்ளல் தன்மீதே திரும்புகிறது என்று உணர்ந்தால் அந்த அவை என்ன செய்யும்? சார்லி சாப்ளினின் 'மான்சியர் வெர்டூ' பெற்ற வரவேற்பைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம். சாவையும் கொலையையும் நகைப்பொருளாக்கும் கலையைக் கறுப்பு நகைச்சுவை என்பர். அவ்வகையில் இன்று முன்வரிசையில் வைத்து எண்ணப்பெறும் படம் இது.

பிரான்சு நாட்டில் பெண்களை மணப்பதாக ஏமாற்றிக் கொன்று, 1922-இல் தலை துண்டிக்கப்பட்ட லாந்த்ரு என்பவனின் வரலாறே கதைக்கு வித்து. அவ்வெண்ணத்தைச் சாப்ளினுக்குத் தந்தவர் ஆர்சன் வெல்ஸ். படத்தில் வரும் வெர்டூ, பல்லாண்டுகள் வங்கியில் உழைத்தபின் வேலையிழந்தவன். நடக்கவியலாத மனைவியையும் சிறு மகனையும் காப்பாற்றச் செல்வமுடைய பெண்களை மணந்து கொல்கிறான். கொன்றபின் அவன் பணத்தாள்களை எண்ணும் வேகம் பழைய வங்கி எழுத்தரின் வேகம்! தோட்டத்தில் ஊரும் கம்பளிப்புழுவை மிதியாது காக்கும் அவனுக்குப் பின்னே, எரியுலையின் புகை எழுந்தவண்ணம் இருக்கிறது.

1947 ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அவையில் இகழ்ச்சியொலி எழுந்தது. இருக்கையில் அமர்ந்திருக்க மாட்டாமல் கூடத்துக்கு வெளியே சென்றதாகச் சாப்ளின் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். சில நாட்களில் நிகழ்ந்த செய்தியாளர் கூட்டத்தில் படத்தைப்பற்றிக் கேட்டோர் சிலரே. அவருடைய அரசியல் சார்பையும், அவர் ஏன் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை என்பதையுமே பலரும் துருவினர். திறனாய்வாளர் ஜேம்ஸ் ஏஜி ஒருவர் அங்கே எழுந்து, அவ்வாறு துருவுவோரைச் சாடினார். பின்னர் 'தி நேஷன்' இதழில் மூன்று பகுதிகளாகப் படத்தை ஆராய்ந்து எழுதினார். மெம்பிஸ் நகரத் தணிக்கையாளர் படத்தைத் தடை செய்தார். ஒகையோ மாநிலத் திரையரங்க உரிமையாளர் சங்கம் புறக்கணிக்குமாறு வேண்டியது. ஆயினும் அவ்வாண்டின் சிறந்த படமாக நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ தேர்ந்தது இதனைத்தான். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிட்டியது.

பழைய தொப்பியும் கைத்தடியும் தாங்கிய ஏழை நாடோடியை எதிர்பார்த்து வந்தோர்க்கு, நாகரிகமாக உடுத்திய கொலைகாரன் காட்டப்பட்டான். ஏமாற்றம் இயல்பே. ஆனால் அஃதொன்றே காரணமாகாது. போரில் நிகழும் பெருங்கொலைக்கு முன் தன் கொலைகள் சிறு தொழில் என்று வெர்டூ வாதிடுகிறான். அந்த அவையினர் உலகப்போரில் வென்று ஈராண்டு ஆகாத நாட்டினர். படப்பிடிப்புக்கு முன்னரே திரைக்கதையைப் படித்த தணிக்கை அலுவலகத்தாரும் இவ்வாதத்தைக் குறைகூறினர் என்பது கருதத்தக்கது.

கலைநோக்கில் கூறப்பட்ட குறைகளை நாம் தள்ளிவிடுவதற்கில்லை. நீதிமன்றத்திலும் சிறையிலும் பேச்சு மிகுகிறது, கலைஞர் ஆசிரியராகிவிடுகிறார். (வகுப்பறையில் நாள்தோறும் அப்பிழை செய்யும் நமக்கு அஃது எளிதில் புலப்படுகிறது!) ஆனால் அன்றைய சினம் இக்குறையால் விளைந்ததன்று.

1952-இல் சாப்ளின் அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கான இசைவு நீக்கப்பட்டது. 1964-இல் அதே நியூயார்க்கில் இப்படம் மீண்டும் திரையிடப்பட்டபோது, மக்கள் விரும்பிக் கண்டனர். அணுப்போரையே நகைப்பொருளாக்கிய குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். கதை மாறவில்லை, கண்டவர் மாறியிருந்தனர்.

ஏரிப்படகுக் காட்சியைக் காண்போர் இதனை உணரலாம். மார்த்தா ரே நடித்த அன்னபெல்லா என்னும் பெண்ணைக் கயிற்றில் கல்லைக் கட்டி மூழ்கடிக்க வெர்டூ முயல்கிறான். ஒவ்வொரு முறையும் ஏதேனும் தடை நேர, அவள் ஒன்றும் அறியாமல் தப்புகிறாள். இறுதியில் கொல்லச் சென்றவனே நீரில் விழுகிறான். நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரிப்பு அடங்கிய பின்னர்த்தான், இவ்வளவு நேரமும் அக்கயிறு அவள் கழுத்தில் விழவேண்டும் என்று கொலைஞனோடு சேர்ந்து நாமும் காத்திருந்தது நினைவுக்கு வருகிறது.