உருவமைந்த ஆவணமும் அது திரையில் தோன்றும் விரைவும்

“கையேட்டைப் பார்” என்று மாணவனுக்குச் சொல்லுதல் ஆசிரியர்க்கு எளிது. அக்கையேடு திரையிலே தோன்றுமுன் அவன் பொறுமையிழந்து எழுந்துவிடின், அச்சொல்லாற் பெறும் பயன் யாது? பழைய கணினிகள் சில கிடந்த ஓர் அறையிலே இதனை யான் பன்முறை கண்டிருக்கின்றேன். விசையை ஒருமுறை அழுத்துவான், பின்னும் அழுத்துவான், ஈற்றிற் பக்கத்திலிருப்பவனைக் கேட்டு, அவன் கூறும் பிழையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். ஆதலின், இத்தாமதம் எங்கே பிறக்கின்றது என்பதைத் தமிழாசிரியனாகிய யான் அறிந்தவளவிற் கூறுவேன். பழைய மாணவருட் கணினித் தொழில் புரிவோர் பொறுத்தருள்க.

யுனிக்ஸ் கையேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பதிப்பைக் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வெளியிட்டனர். அதன் பக்கங்கள் சேமிக்கப்பட்டவாறே படித்தற்குரியன அல்ல. தலைப்பு இது, தடித்த எழுத்து இது எனப் புள்ளியில் தொடங்கும் குறிப்பு வரிகள் இடையிடையே கிடக்கும். அவற்றை நோக்கி வரிகளை நிரப்பி ஓரம் விட்டு ஒழுங்குசெய்வது வடிவமைப்பு நிரல். தடித்த எழுத்தை அது உணர்த்தும் பழைய முறை வேடிக்கையானது: எழுத்து, பின்னிடு குறி, மீண்டும் அதே எழுத்து. தட்டச்சுப் பொறியில் அடித்த எழுத்தின்மேல் மறுபடி அடித்தால் மை தடிக்குமன்றோ! அவ்வழக்கமே திரைக்கும் வந்து சேர்ந்தது.

றிச்சட் ஸ்ரோல்மன் 1985 இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி, வடிவமைப்பு நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு, வந்த உரையிலுள்ள பின்னிடு குறிகளைக் களைந்து, அவ்விடங்களுக்குத் தடிப்பும் நிறமும் ஊட்டுகின்றது. இக்களையெடுப்பே கவனித்தற்குரியது. ஓர் ஆவணத்தில் 1,00,000 எழுத்துக்களும் 5,000 குறிகளும் உள எனக் கொள்வோம். எழுத்துக்கள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருப்பின், ஒரு குறியை நீக்குந்தோறும் அதன் பின்னுள்ளவை யாவும் ஓரிடம் முன்னே நகரவேண்டும். சராசரி 50,000 எழுத்து நகருமாயின், மொத்தம் 25 கோடி நகர்வுகள்! ஈமாக்ஸோ உரையின் நடுவே ஒரு வெற்றிடத்தை வைத்துத் திருத்தம் நிகழும் இடத்துக்கு அதனை நகர்த்துகின்றது. முதலிலிருந்து ஈறுவரை ஒழுங்காகச் சென்றால் ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறையே நகரும். ஓரிலட்சத்தில் வேலை முடியும். முன்னும் பின்னுமாகத் தாவித் திருத்தும் நிரலாளன் இந்நன்மையைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.

நிறமூட்டலில் வேறொரு சிக்கனம் உண்டு. நூறு பக்க ஆவணத்தில் நாம் ஒருவேளை காண்பது ஒரு திரையளவே. 2001 இல் வந்த ஈமாக்ஸ் 21 ஆம் பதிப்பு முதலாக, நிரற்கோப்புக்களிற் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டும் அவ்வப்போது நிறமூட்டும் முறை வழக்கிலுள்ளது. இம்முறையைக் கையேட்டுக்கும் கைக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆயின் பின்னிடு குறிகளை முன்னரே களைந்துவிடல் வேண்டும். அன்றேல் தேடும் சொல் அகப்படாது.

வடிவமைத்த பக்கத்தைச் சேமித்துவைத்து மறுமுறை அதனையே காட்டும் வழக்கமும் யுனிக்ஸில் நெடுநாள் இருந்தது. விரைவு கிடைத்தது, ஆனால், 80 எழுத்து அகலத்துக்கு அமைத்த பக்கம் அகன்ற திரைக்குப் பொருந்தாது. மூலம் மாறியபின் பழைய பிரதியைக் காட்டிவிடாதபடி காலமும் ஒப்புநோக்கவேண்டும். எவ்வழியை மேற்கொள்ளினும் முதலில் அளந்து பார்க்கவேண்டும். 2013 இல் வந்த 24.3 ஆம் பதிப்பு முதல், எப்பணி எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றது என்று காட்டும் கருவி ஈமாக்ஸிலேயே உண்டு. ஊகித்துத் திருத்தியவர் பலர், தாமதமில்லாத இடத்தையே திருத்தியிருக்கின்றனர்.

தமிழ் ஆவணத்துக்கோ பணி இன்னும் மிகுதி. ‘கெ’ என்பதிற் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். ஆகவே எழுத்துக்களைத் தனித்தனியே வரைதல் இயலாது. கூட்டமாகத் திரட்டி உருவாக்கவேண்டும். 2020 இல் வந்த 27 ஆம் பதிப்பு முதல் இதனை ஹார்ஃபபஸ் என்னும் நிரற்றொகுதி செய்துவருகின்றது. ஒருகால் அமைத்த கூட்டத்தின் வடிவத்தை ஈமாக்ஸ் நினைவில் வைத்திருந்து, அது மறுபடி வருங்கால் எடுத்துத் தருவதால், தமிழ்ப் பக்கமும் மாணவன் எழுந்து போகுமுன் தோன்றிவிடுகின்றது.