வைத்த இடம் எங்கே?

நாக்பூர் இரயில்வே குடியிருப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாழ்ந்து வந்தாள். வீட்டில் பாடப்படும் தாலாட்டு ஒன்றை, அருஞ்சொற்களுக்குப் பொருளுடன் எழுதி வருமாறு தமிழ் வகுப்பில் ஒப்படைப்பு தரப்பட்டிருந்தது. தஞ்சாவூரில் வாழும் அத்தை, பாட்டி சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்து, அக்கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார்.

மாணவி தந்தையின் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தாள். இணைப்பைச் சேமிக்க முற்பட்டபோது, எந்தக் கோப்புறையில் வைப்பது என்று கேட்கும் சாளரம் தோன்றியது. அவள் அதைப் படிக்கவில்லை. உடனே 'சேமி' என்பதை அழுத்தினாள். பின்னர் அங்கேயே கோப்பைத் திறந்து, பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பதினான்கு சொற்களுக்குப் பொருள் எழுதினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எழுதியதைச் சேமித்துவிட்டு உறங்கச் சென்றாள்.

மறுநாள் மாலை, தன் பெயரிட்ட கோப்புறையைத் திறந்தாள். அங்குக் கோப்பு இல்லை. மின்னஞ்சலில் இருந்த இணைப்பை மீண்டும் திறந்தாள். தாலாட்டு இருந்தது, அவள் எழுதிய பொருள் ஒன்றுகூட இல்லை. அவள் கண்கள் கலங்கின.

பணி முடிந்து வந்த தந்தை அருகில் அமர்ந்தார். "அழாதே, கண்ணம்மா. மின்னஞ்சலில் இருப்பது அத்தை அனுப்பிய மூலம். நீ சேமித்தபோது அதற்கு ஒரு படி உண்டாயிற்று. நீ எழுதியது அந்தப் படியில்தான் இருக்கும்" என்றார்.

"அது எங்கே இருக்கிறது, அப்பா?"

"நேற்றுச் செய்ததை மீண்டும் செய். சாளரம் தோன்றியதும் நிறுத்தி, மேலே உள்ள வரியைப் படி."

அவள் படித்தாள். 'விடுப்பு விண்ணப்பங்கள்' என்றிருந்தது. தந்தை சிரித்தார்.

"பொங்கலுக்கு ஊருக்குச் செல்வதற்கான படிவத்தை நான் அங்கே சேமித்திருந்தேன். கடைசியாகப் பயன்படுத்திய கோப்புறையையே இச்சாளரம் பெரும்பாலும் முதலில் காட்டும். உன் கோப்பும் அங்கே சென்றுவிட்டது."

மகிழ்ச்சியில் அவள் கை 'சேமி' என்பதை நோக்கிச் சென்றது. தந்தை தடுத்தார். "பொறு! அதே பெயரில் சேமித்தால், நீ எழுதிய கோப்பு அழிந்து அத்தையின் கோப்பு அவ்விடத்தில் அமர்ந்துவிடும்."

அவள் சாளரத்தை மூடினாள். அக்கோப்புறையைத் திறந்தாள். விடுப்புப் படிவத்தின் கீழே தாலாட்டு இருந்தது. பதினான்கு சொற்களின் பொருளும் இருந்தன. கோப்பைத் தன் கோப்புறைக்கு மாற்றிவிட்டு, பாட்டியை அழைத்தாள்.

நினைவில் கொள்க

1. சேமிக்கும் முன் கோப்புறையின் பெயரைப் படிக்க வேண்டும்.
2. கோப்புக்குத் தெளிவான பெயர் இட வேண்டும்.
3. இடம் கேட்கும் சாளரம் தோன்றாவிடில், 'பதிவிறக்கங்கள்' கோப்புறையில் முதலில் தேட வேண்டும்.

அறிந்து கொள்க

மின்னஞ்சலுடன் படம், ஒலி முதலியவற்றை இணைத்து அனுப்புவதற்கான 'மைம்' என்னும் பொதுமுறை 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

அருஞ்சொற்பொருள்

ஒப்படைப்பு – மாணவர் செய்து தரவேண்டிய பணி
மூலம் – முதலில் உள்ளது
படி – நகல்
சாளரம் – கணினித் திரையில் திறக்கும் கட்டம்

மொழியை அறிவோம்

கோப்பு + உறை = கோப்புறை. 'கோப்புறையில்' என்பதில் உள்ள 'இல்' ஏழாம் வேற்றுமை உருபு. அது இடப்பொருளை உணர்த்தும். 'எங்கே?' என்னும் வினாவுக்கு இவ்வுருபு ஏற்ற சொல் விடையாக வரும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. மின்னஞ்சலில் இருந்த கோப்பில் மாணவி எழுதிய பொருள்கள் ஏன் காணப்படவில்லை?
2. தந்தை அவள் கையைத் தடுத்தது ஏன்?

ஆ. 'இல்' உருபு சேர்த்து எழுதுக.
கணினி, அலமாரி, வீடு, ஊர்

இ. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதுக. அதைக் கணினியில் சேமித்த கோப்புறையின் பெயரையும் குறிப்பிடுக.