ஹோம்வொர்க் நேரத்துச் சண்டை: கற்றல் குறைபாடுள்ள பிள்ளையிடம் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டிக்டேஷன் நோட்டு கிழிகிறது, பென்சில் ஒடிகிறது, தங்கச்சிக்கு ஓர் அடி விழுகிறது. 'திமிர்' என்று சொல்லிவிடாதீர்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாள் முழுக்க மல்லுக்கட்டி, அதற்கும் 'சோம்பேறி' பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பள்ளியில் அடக்கிவைத்ததை உங்களிடம்தான் கொட்டும். முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தப் பாட நேரத்தை.

செய்ய வேண்டியவை

• கோபம் வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவையுங்கள். மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னபோதா, பசியோடு உட்கார்ந்தபோதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கத்தியதும் நோட்டை மூடிவைத்தால், கத்தினால் படிக்க வேண்டாம் என்று நாமே பழக்கிவிடுகிறோம்.

• பள்ளி விட்டு வந்ததும் டிபன், விளையாட்டு. நோட்டு அப்புறம்.

• பாடத்தைத் துண்டு போடுங்கள். பத்துக் கணக்கு இருந்தால் இரண்டை மட்டும் காட்டி, மற்றதை ஒரு தாளால் மூடுங்கள். பக்கம் நிறைய எழுத்தைப் பார்த்தாலே மிரள்கிற பிள்ளை அது.

• பிரேக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். மேஜையில் ஒரு சிவப்பு அட்டை. அதைத் திருப்பினால் ஐந்து நிமிடம் ஓய்வு, பிறகு விட்ட இடத்திலிருந்தே கணக்கு. கேட்டவுடன் கொடுத்தால்தான் அட்டைக்கு மதிப்பு. கோபம் இல்லாத நாளில் ஒத்திகை பாருங்கள்.

• கை ஓங்கினால் தங்கச்சியையும் கத்தரிக்கோலையும் அப்புறப்படுத்துங்கள். குரலைத் தாழ்த்தி ஒரே பேச்சு: 'அடிக்க விடமாட்டேன். இங்கேயேதான் இருக்கேன்.'

• அமைதியானதும் கிழிந்த தாளைச் சேர்ந்து ஒட்டுங்கள். செய்ததைச் சரிசெய்யப் பழகட்டும்.

• பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள்: வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• கோபம் உச்சத்தில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். காதில் ஏறாது. 'ஏன் இப்படிச் செஞ்சே?' என்பதும் அப்போது வேண்டாம். பதில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

• அடிக்காதீர்கள். கோபம் வந்தால் கை நீட்டலாம் என்று உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். பள்ளியிலும் அடிக்கக்கூடாது: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. 'நாலு போடு போடுங்க சார்' என்று நீங்களே சொல்லிவிட்டு வராதீர்கள்.

• 'அண்ணனைப் பார்' வேண்டாம். 'அத்தை வந்திருக்காங்க, படிச்சுக் காட்டு' அதைவிட மோசம்.

• கிரிக்கெட்டையோ டிராயிங் கிளாஸையோ தண்டனையாக நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

• டியூஷனைக் கூட்டாதீர்கள். பகலில் புரியாத அதே முறையில் ராத்திரி இன்னொரு மணி நேரம் நடத்தினால் கோபம்தான் கூடும். அந்தப் பணத்தைப் பயிற்சி பெற்ற ஸ்பெஷல் எஜுகேட்டருக்குக் கொடுங்கள்.

• 'வளர்ந்தா சரியாயிடும்' என்று தள்ளிப்போடாதீர்கள். சாதுவாக இருந்த பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தால் கண், காது, தூக்கம், பள்ளியில் நடக்கும் கேலி எல்லாவற்றையும் விசாரியுங்கள். தன்னையே அடித்துக்கொண்டாலோ, 'செத்துப்போறேன்' என்று சொன்னாலோ மிரட்டல் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ராத்திரி என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நம்பரை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.