கீச்சென்று கத்தும் பவர் சப்ளைக்கு அக்காவின் 7 டிப்ஸ்

தம்பி, தங்கச்சிகளே, சாயங்காலம் இடி இடித்தால் மறுநாள் காலை பந்திங்கில் என் ரிப்பேர் பெஞ்சு நிறைந்துவிடும். ஆட்டோகேட் அடாப்டர், சிசிடிவி பெட்டி, சாமியறை எல்.இ.டி. விளக்கின் 12 வோல்ட் சப்ளை என்று வரிசை கட்டி வரும். அடியோடு செத்துப்போனதைக் கண்டுபிடிப்பது சுலபம். உயிரோடு இருந்துகொண்டே கீச்சென்று கத்தி, விளக்கைச் சிமிட்ட வைப்பதுதான் நம்மைப் படுத்தும். ஐ.சி.யை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். முதலில் ஃபீட்பேக்கைப் பாருங்கள்.

ஃபீட்பேக் என்றால் என்னவென்று புரிய, பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுப்பைக் கூட்டிக் குறைப்போம். கண் வைக்கத் தாமதமானால் பொங்கி வழியும். பயந்து ஒரேயடியாகக் குறைத்தால் ஆறிப்போகும். சப்ளைக்குள் பாலைப் பார்க்கும் கண் டி.எல்.431 என்ற குட்டி ஐ.சி. அடுப்பிடம் சேதி சொல்வது பி.சி.817 ஆப்டோகப்ளர், சுருக்கமாக ஆப்டோ. சேதி தாமதமானாலும் தப்பாகப் போனாலும் வோல்டேஜ் ஆடும்.

1. முதலில் உயிர். நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி.யாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட பிடியால் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் வைத்து அதன் சார்ஜை இறக்குங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள். திரும்பக் கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டுங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின்ஸ் பக்கம் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை மாட்டவே கூடாது.

2. சத்தத்தைக் கேளுங்கள். விட்டு விட்டு 'டிக்... டிக்...' என்றால் சப்ளை எழுந்து எழுந்து விழுகிறது: வெளியே ஷார்ட்டா, கன்ட்ரோல் ஐ.சி.க்கு ஊட்டும் சின்ன கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். விடாமல் கீச்சென்று கத்தி வோல்டேஜும் ஆடினால் ஃபீட்பேக் பக்கம் போங்கள்.

3. லோடு மாட்டுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் லேசாகக் கத்துவது பல சப்ளைகளுக்கு இயல்பு. 12 வோல்ட், 21 வாட் கார் பிரேக் பல்பை மாட்டுங்கள்; அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டருக்குச் சரியான பரீட்சை.

4. வெளியீட்டுக் கெப்பாசிட்டர். தலை உப்பாமலே கெட்டுப்போகும். அதனால் ஈ.எஸ்.ஆர். (உள் ரெசிஸ்டன்ஸ்) மீட்டரில் அளந்து, அதே அளவுப் புதுசோடு ஒப்பிடுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். வகையைக் கேட்டு வாங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். அளவு மாறினால் ஃபீட்பேக் லூப்பின் கணக்கே மாறிவிடும்.

5. மெயின்ஸ் இல்லாமலே சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரின் சார்ஜை இறக்கிவிட்டு, பெஞ்ச் சப்ளையின் கரண்ட் அளவைக் குறைத்து வைத்து, வெளியீட்டில் 10 வோல்ட் கொடுங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து, சிவப்பு முனையை ஆப்டோவின் 4-ஆம் காலிலும் கறுப்பை 3-ஆம் காலிலும் பிடியுங்கள். வோல்டேஜை மெல்ல ஏற்றினால் 12-ஐ ஒட்டி ஓம் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் ஆப்டோ, டி.எல்.431, அதற்கு வோல்டேஜைப் பங்கிட்டுக் கொடுக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் என ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். மேலே 3.9 கிலோ ஓம், கீழே 1 கிலோ ஓம் என்றால் 12.2 வோல்ட் வரும்.

6. டி.எல்.431-ஐ ஒட்டிய குட்டிக் கெப்பாசிட்டர். ஆட்டத்தை அடக்குவது அதுதான். அதே மதிப்பில் மட்டும் மாற்றுங்கள். சுற்றியுள்ள சாலிடரில் வெடிப்பு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

7. சத்தம் நின்றதும் கொடுத்துவிடாதீர்கள். மூடி போட்டு, லோடோடு ஒரு மணி நேரம் ஓடட்டும். சூட்டில்தான் மிச்சக் கோளாறு வெளிப்படும்.

போர்டு கருகியிருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். சிரிம் முத்திரை பார்த்துப் புதிது வாங்கச் சொல்லுங்கள். அந்த அடாப்டர் இரவெல்லாம் ஒரு குடும்பம் தூங்கும் வீட்டில் ஓடப்போகிறது.