பெருந்திட்டத்துக்கு ஆட்சேபனை எழுதும் முறை

முருங்கன் வயல்வெளியானாலும் மன்னார்த் தீவின் பனங்கூடலானாலும், பெரிய திட்டமொன்று வருகிறதென்றால் ஊர் முதலில் எழுதுவது ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்றுதான். பதாகைக்கு அது போதும், கோப்புக்குப் போதாது. ‘அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?’ என்ற ஒரு கேள்வியால் அதை மூடிவிடலாம். பெரும்பாலான இடங்களில் ஊரை உறுத்துவது திட்டமல்ல, அதன் பருமன். 2025 ஓகஸ்டில் மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக எழுந்த போராட்டத்தால் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்; செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு உதிரிப்பாகங்கள் தீவுக்குள் வந்தன. தெருவில் நின்றதால் ஒரு மாதம் கிடைத்தது. அதற்குமேல் வேண்டுமென்றால் பருமனைப் பற்றி எழுத்தில் வாதாட வேண்டும்.

முதலில், திட்டம் யாருடைய மேசையில் இருக்கிறதென்று அறியுங்கள். சாதாரணக் கட்டடமென்றால் பிரதேச சபை, முருங்கனுக்கு நானாட்டான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வரும் பெருந்திட்டமென்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனுமதி கொடுக்கும் நிறுவனமும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். கருத்துச் சொல்ல 30 நாள். வேலைநாளா, வெறும் நாளா என்று வாதாடாமல் சனி ஞாயிறையும் சேர்த்தே எண்ணுங்கள். அந்த அறிக்கையைப் பார்க்கத் தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பது வீண்வேலை. அது பகிரங்க ஆவணம், நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தை அறிக்கையில் இல்லாத வடிகால் வரைபடத்துக்கும் திணைக்களக் கடிதங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்லவே 14 வேலைநாள் இருப்பதால், திட்டச் செய்தி காதில் விழுந்த கிழமையே போட்டுவிட வேண்டும்.

இனித்தான் பலரும் சறுக்கும் இடம்: பருமனை எப்படி எழுதுவது? ‘மிகப் பெரியது’ என்று எழுதினால் எதைவிட என்று கேட்பார்கள். எண்ணிக்கையை எழுதாமல், அந்த எண்ணிக்கை நிலத்தில் என்ன செய்கிறதென்று எழுதுங்கள். மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள்; மொத்தம் 103.5 மெகாவாட். அறிக்கை கோபுரங்களை எண்ணும். மாரித் தண்ணீரை மறிப்பது கோபுரமல்ல, அதற்குப் போகும் உயர்த்திய வீதி. ஆகவே வீதி எத்தனை மீற்றர், நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், மதகுகள் எங்கே, எவ்வளவு மழைக்கு அவை தாங்கும் என்று கேளுங்கள். ‘காற்றாலையால்தான் வெள்ளம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தாழ்ந்த தீவில் முன்பும் வெள்ளம் நின்றதுதானே என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். திகதியிட்ட மாரிப் படங்களும் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தின் அளவும் பத்துப் பக்கக் கண்டனத்தைவிடப் பெறுமதி.

அடுத்தது கூட்டுக்கணக்கு. ஒவ்வொரு திட்டமும் தனி அறிக்கையோடு வரும். தனியே பார்த்தால் எதுவும் சிறியதுதான். 20 மெகாவாட் ஒன்று, 50 மெகாவாட் ஒன்று என்று வருபவற்றை முன்பே நிற்கும் 103.5உடன் கூட்டி ஒரே வரைபடத்தில் குறியுங்கள். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட, பறவைகள் கூடும் வங்காலையையும் அதிலேயே காட்டுங்கள். பறவைக்குத் திட்டத்தின் பெயர் தெரியாது. அது பறக்கும் வழியில் நிற்பதெல்லாம் ஒன்றுதான். பிறகு சட்டம் தரும் பிடி: குறைந்த பாதிப்புள்ள மாற்றுவழிகளையும் அவற்றை ஏன் விலக்கினார்கள் என்பதையும் அறிக்கை சொல்லியே ஆகவேண்டும். பாதி எண்ணிக்கையும் ஒரு மாற்றுவழி. பெருநிலத்தில் வேறோர் இடமும் ஒரு மாற்றுவழி. ‘வேண்டாம்’ என்றால் மறுத்துவிடலாம். ‘பாதியை ஏன் ஆராயவில்லை?’ என்றால் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்படி எழுதினால் திட்டத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று சிலர் பயப்படுவார்கள். ஆகாது; ‘முழுத் திட்டத்துக்குமான எங்கள் ஆட்சேபனைக்குக் குந்தகமின்றி’ என்று முதற்பந்தியில் ஒரு வரி போட்டால் போதும். அளவைப் பேசி நீதிமன்றத்தில் வெல்ல முடியுமா என்பார்கள். 2000இல் எப்பாவல பொஸ்பேற் அகழ்வுக்கு எதிரான வழக்கில், எந்த வேகத்தில் தோண்டினால் எத்தனை காலத்துக்கு மிஞ்சும் என்ற கணக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பிடித்தது. முழுமையான ஆய்வு முடியும்வரை ஒப்பந்தம் செய்யக்கூடாதென்று மன்று தடுத்தது. மாறாக, 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரி இரண்டுக்குமான 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது கட்டணத்தை அரசு மீண்டும் பேச முனைந்ததால். அப்படி வரும் வெற்றி அடுத்த கோப்பில் உதவாது.

ஆட்சேபனையைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரே கடிதத்தில் ஐந்நூறு கையெழுத்தைவிட, அவரவர் காணியையும் தொழிலையும் சொல்லும் இருபது கடிதங்கள் மேல். அனுமதி வந்துவிட்டால் உடனே சட்டத்தரணியிடம் போங்கள்: அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம்தான், அந்த மனுவுக்கு முதல் இணைப்பு முத்திரை பெற்ற உங்கள் பிரதி.