வீட்டு மின்சாரப் பாடம்: காப்பி மெஷின் கொதிக்கவில்லையா?



வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பெட்டியோடு காப்பி மெஷினும் கொண்டு வருகிறார்கள். அதை வைத்துச் சின்னதாக ஒரு கடை போடலாம் என்று நினைக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் மெஷின் ஒருநாள் நின்றுவிட்டால் கையில் கிடைத்த வயரைச் சுற்றிப் பார்க்கிறோம். அதில்தான் உயிராபத்து இருக்கிறது. லயங்களில் தீப்பிடித்த செய்திகளில் "மின் ஒழுக்கு" என்ற சொல்லை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம்!

மெஷினுக்குள் என்ன இருக்கிறது? தண்ணீரைத் தள்ள ஒரு பம்பு, சுடவைக்க ஒரு ஹீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், அளவு மீறினால் கரண்டை அறுத்துவிட ஒரு வெப்பப் பியூஸ். நம் மின்சாரக் கேத்தலும் ஏறக்குறைய இதேதான், பம்பு மட்டும் கிடையாது. ஆகவே இந்தப் பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் விதி: பிளக்கைக் கழற்றி, மெஷின் நன்றாக ஆறி, உள்ளே இருக்கிற ஆவி இறங்கிய பிறகுதான் கை வைக்க வேணும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொடக்கூடாது.

1. மெஷினில் பெயர்த்தகட்டைப் பாருங்கள். இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சவுதியில் முன்பு பல வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. 110 அல்லது 127 வோல்ட் என்று மட்டும் எழுதியிருக்கிற மெஷினை இங்கே செருகினால் ஹீட்டர் மூன்று, நான்கு மடங்கு சூடாகிக் கருகிப் போகும்.

2. விளக்கே எரியவில்லையா? அதே பிளக் பொயின்ற்றில் வேறு சாமானைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் மெஷினின் 13 ஆம்பியர் பிளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் பியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே அளவுப் பியூஸைப் போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். பியூஸ் நன்றாக இருந்தால் வயர் பிளக்கோடு சேரும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கும்.

3. விளக்கு எரிகிறது, பம்பு சத்தம் போடுகிறது, ஆனால் தண்ணீர் சுடவில்லையா? ஹீட்டர், தெர்மோஸ்டாட், வெப்பப் பியூஸ் இந்த மூன்றில் ஒன்று போயிருக்கும். பழகின ஆள் மல்டிமீற்றரால் ஹீட்டரை அளந்தால் 1,500 வாட் ஹீட்டருக்கு 35 ஓம் அளவில் காட்ட வேணும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. வெப்பப் பியூஸ் போயிருந்தால் புதிது போடுங்கள். அதைத் தள்ளிவிட்டு வயரால் நேரே இணைத்தால் மெஷின் கொதிக்கும், ஆனால் தண்ணீர் தீர்ந்தாலும் நிற்காது. பிறகு எரிவது வீடுதான்.

4. ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு சுவிட்சை மேலே தூக்குங்கள். ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் ஒழுக்கு. காப்பி மெஷின் என்றால் உள்ளே தண்ணீர் கசிந்திருக்கலாம், அல்லது ஹீட்டரின் உறைக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். மூடியைக் கழற்றி ஒருநாள் காயவிட்டு மூடிய பிறகு போட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழாமல் இருக்க எர்த் வயரை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் ஒழுகும் கரண்ட் மெஷினின் இரும்பு உடம்பில் நிற்கும். அடுத்துத் தொடுகிறவரின் உடம்பு வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். 30 மில்லி ஆம்பியரில் விழுகிற சுவிட்ச் நம்மைக் காக்க வைத்த காவல்காரன்.

5. பிளக் சுடுகிறதா, கருகின வாசம் வருகிறதா? உடனே நிறுத்துங்கள். திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருப்பீர்கள். 2,000 வாட் மெஷின் 9 ஆம்பியர் வரை இழுக்கும். அதைச் சுவர்ப் பொயின்ற்றில் நேரே போட வேணும்.

திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தங்களுக்கு இன்னொன்று. சம்பூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் செம்புத் தொடுப்புகள் பச்சை பிடிக்கும். பிளக் முள்ளையும் திருகாணியையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பூர் மக்கள் 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, 2015, 2016 இல் காணிகள் விடுபட்ட பிறகுதான் திரும்பினார்கள். அங்கே கட்டுவதாக இருந்த நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்நிலைய வேலை தொடக்கி வைக்கப்பட்டது. நம் கணக்கில் சொன்னால், முழு வெயிலில் 1,500 வாட் கேத்தல்கள் 80,000 ஒரே நேரத்தில் கொதிக்கும் சக்தி அது. எவ்வளவு பெரிய நிலையம் வந்தாலும், நம் வீட்டுக்குள் அது நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பது பிளக்கில் இருக்கும் ஒரு திருகாணியிலும் ஒரு எர்த் வயரிலும் இருக்கிறது.

யாருக்காவது கரண்ட் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சின்னச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழுந்தால் நல்லது. விழாவிட்டால், மெஷினைச் செருகுவதற்கு முன் மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.